இரத்தசோகைப் பரிசோதனைத் தொகுப்பு: எண்கள் நிறைய, கேள்விகள் குறைவு

பரிசோதனைக்கூடங்கள் இப்போதெல்லாம் தனித்தனிப் பரிசோதனைகளைவிடத் தொகுப்புகளை விற்பதில்தான் அதிக அக்கறை காட்டுகின்றன. சர்க்கரைக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று நீளும் அந்த வரிசையில் இரத்தசோகைக்கென்று விற்கப்படும் தொகுப்பைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் செல்கிறார்கள், மறுநாள் அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிடுகிறது, அதன்பின் கூடத்தின் மருத்துவருடன் தொலைபேசியில் சிறிது நேரம் பேசலாம். முதலில் அக்காவுக்காகவும், சில மாதங்கள் கழித்து அப்பாவுக்காகவும் இதைப் பதிவு செய்தேன். இருவருக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இருவருக்கும் காரணம் வேறு. அந்த இரண்டு காரணங்களை நோக்கி இத்தொகுப்பு எங்களை எவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதை வைத்தே மதிப்பெண் போடுகிறேன். ஏறக்குறைய இதே உள்ளடக்கத்தைப் பல கூடங்கள் விற்பதால் பெயரைச் சொல்வதில் பெரிய பயன் இல்லை.

தொகுப்பில் இருப்பவை இவை: முழு இரத்த எண்ணிக்கை, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் விகிதம், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சீரம் இரும்பு, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன், அவை இரண்டிலிருந்தும் கணக்கிடப்படும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம். பட்டியலாகப் பார்த்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. விலை மலிவான தொகுப்புகளில் ஃபெரிட்டினும் ரெட்டிகுலோசைட்டும் விடுபட்டிருக்கும். அவை இல்லாத ஒன்றை இரத்தசோகைத் தொகுப்பு என்று அழைப்பதே தவறு. இங்கே இரண்டும் உண்டு என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இரத்தசோகை என்பது ஒரு நோயின் பெயரைவிட ஒரு நிலையின் பெயர் என்பதே சரி. காய்ச்சலுக்குப் பின்னால் ஒரு காரணம் இருப்பதுபோல இதற்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஹீமோகுளோபின் எண் அந்த நிலை இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழ் போனால் ஆண்களுக்கும், 12-க்குக் கீழ் போனால் கருவுறாத பெண்களுக்கும் இரத்தசோகை உண்டு. கருவுற்ற காலத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடி இரத்தம் நீர்த்துப்போவதால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்குகிறது. முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் அது 11 கிராம். உயரமான மலைப்பகுதியில் வாழ்பவருக்கும் புகைபிடிப்பவருக்கும் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால் அதற்கேற்பக் கழித்துப் பார்க்க வேண்டும். பதிவுப் படிவம் இவற்றில் எதையும் கேட்பதில்லை. வயது, பாலினம் என்ற இரண்டு கட்டங்களை நிரப்பினால் போதும். கருவுற்றிருக்கிறாரா என்றுகூடக் கேட்காமல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே எல்லையை அச்சிட்டு, அதற்குக் கீழே இருந்தால் சிவப்பு எழுத்தில் ‘குறைவு’ என்று போட்டுவிடுகிறார்கள். 11.8-க்கும் 6.8-க்கும் அதே சிவப்பு, அதே சொல். முதலாவது லேசான குறைவு, இரண்டாவது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய கடுமையான குறைவு என்ற வேறுபாடு அந்த நிறத்தில் தெரியவே தெரியாது.

தொகுப்பின் விளம்பரப் பக்கத்தில் அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் உண்டு: சோர்வு, முடி உதிர்தல், கவனக்குறைவு, எரிச்சல். இந்தப் பட்டியலில் பொருந்தாதவர் யார்? விற்பதற்கு அது உதவலாம், கண்டறிவதற்கு உதவாது. முன்பு சிரமமில்லாமல் ஏறிய படிகளில் மூச்சு வாங்குவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, எழுந்து நின்றால் தலை சுற்றுவது, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளிறியிருப்பது ஆகியவை இரத்தசோகை எதுவானாலும் வரக்கூடியவை. இரும்புச்சத்துக் குறைவுக்கென்று தனி அடையாளங்கள் சில உண்டு: நாக்கின் மேற்பரப்பு வழவழப்பாகிவிடுவது, வாயோரங்கள் வெடிப்பது, நகங்கள் நடுவில் குழிந்து கரண்டியின் வடிவம் பெறுவது, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, உணவல்லாத பொருள்களின்மேல் ஏற்படும் அடங்காத ஆசை. அக்கா நெடுநாளாக உறைபெட்டித் தட்டிலிருந்து பனிக்கட்டிகளை எடுத்துக் கடகடவென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தார். பல் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் திட்டினோமே தவிர, அது ஓர் அறிகுறி என்று யாருக்கும் தோன்றவில்லை. இரும்பு மாத்திரை தொடங்கியபின் அந்த ஆசை தானாகவே மறைந்துவிட்டது. அந்த விளம்பரப் பட்டியலில் பனிக்கட்டிக்கு இடமில்லை. இன்னொன்றும் அங்கே சொல்லப்படவில்லை: குறைவு மெல்ல மெல்ல ஏற்பட்டால் உடல் அதற்குப் பழகிக்கொள்ளும் என்பதால், 7 கிராமை வைத்துக்கொண்டு தனக்கு ஒன்றுமில்லை என்று நடமாடுபவர்கள் உண்டு. ஆகவே அறிகுறி இல்லை என்பதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல.

இரத்தம் எடுக்க வந்தவரின் வேலையைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பைத் தேடி நேரத்தைக் கடத்தவில்லை. அந்தப் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் இரத்தம் செறிவடைந்து எண்கள் சற்றே உயர்ந்து காட்டும். ஊதா மூடியிட்ட குழாயில் உறைவதைத் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதைக் குலுக்காமல், மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அவர் அப்படியே செய்தார். குலுக்கினால் அணுக்கள் உடையும், கலக்காமல் விட்டால் சிறு கட்டிகள் தோன்றித் தட்டணுக்களின் எண்ணிக்கை பொய்யாகக் குறையும். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: இப்போது இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? அன்று காலை ஒரு மாத்திரை விழுங்கியிருந்தால் சீரம் இரும்பு தற்காலிகமாக எகிறிவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று பலர் விழுங்கும் பயோட்டின், சில இயந்திரங்களில் பி12, ஃபெரிட்டின் ஆகியவற்றின் அளவீட்டையே பிசகச் செய்யும். இந்த இரண்டு கேள்விகளையும் படிவத்தில் சேர்க்க ஒரு வரி போதும்.

அறிக்கையைத் திறந்ததும் முதலில் வருவது முழு இரத்த எண்ணிக்கை. அக்காவின் ஹீமோகுளோபின் 9.4. அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவதுதான் வழக்கம், ஆனால் அதற்கடுத்த வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. சிவப்பணு ஒன்றின் சராசரிக் கொள்ளளவைக் காட்டும் எம்.சி.வி. 80-லிருந்து 100 ஃபெம்டோலிட்டருக்குள் இருக்க வேண்டும், அவருக்கு 71. இரத்தசோகையைப் பிரித்துப் பார்ப்பதற்கான முதல் கிளை இந்த எண்ணில் தொடங்குகிறது. அணுக்கள் சிறுத்திருந்தால் இரும்புக் குறைவையும், ஹீமோகுளோபின் உற்பத்தியைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவையும் நினைக்க வேண்டும். பெருத்திருந்தால் பி12, ஃபோலிக் அமிலக் குறைவு, கல்லீரல் நோய், மது, தைராய்டு குறைவு என்று தேட வேண்டும். இயல்பான அளவில் இருந்தால் அண்மையில் நேர்ந்த இரத்தப்போக்கு, நாள்பட்ட அழற்சி, சிறுநீரக நோய், இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மச்சையில் கோளாறு ஆகியவை முன்னுக்கு வருகின்றன. அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. அக்காவுக்கு 18 விழுக்காடு, 14.5-ஐத் தாண்டினாலே அதிகம். இரும்பு சிறிது சிறிதாகத் தீரும்போது பழைய பெரிய அணுக்களும் புதிய சிறிய அணுக்களும் கலந்தே இருப்பதால் இந்த எண் ஏறுகிறது. சிவப்பணு எண்ணிக்கை 43 இலட்சம், அதாவது 4.3 மில்லியன். எம்.சி.வி.யை இந்த 4.3-ஆல் வகுத்தால் 16.5 வருகிறது. மென்ட்ஸர் குறியீடு எனப்படும் இந்தக் கணக்கில் 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கமும், கீழே வந்தால் தலசீமியாக் கடத்தியின் (அந்த மரபணுவைச் சுமப்பவரின்) பக்கமும் சாய்கிறது என்று கொள்வார்கள். இது ஓர் ஊகம்தான், தீர்ப்பு ஆகாது. ஃபெரிட்டின் 6 என்று வந்ததும் ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது, ஏனெனில் அழற்சி இல்லாத பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே ஃபெரிட்டின் இறங்கினால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றே பொருள்.

இவ்வளவு தெளிவான எண்களுக்குக் கீழே ஸ்மியர் பகுதியில் ‘சிவப்பணுக்கள் இயல்பான அளவும் இயல்பான நிறமும் கொண்டவை’ என்று அச்சாகியிருந்தது. இயந்திரம் 71 என்று அளந்த அணுக்கள் நுண்ணோக்கியில் இயல்பாகத் தெரிய வழியில்லை. யாரோ தகட்டைப் பார்க்காமலேயே வழக்கமான வாக்கியத்தை ஒட்டியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் பிரிவில் எழுதிக் கேட்டேன்; மறுப்பு எதுவும் சொல்லாமல் தகட்டை மறுபடி பார்த்து, அணுக்கள் சிறியவை, நடுவில் வெளிறியவை, சில பென்சில் போல நீண்டவை என்று திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள். திருத்தியது பாராட்டத்தக்கது. ஆயினும் ஸ்மியர் என்பது மனிதக் கண்ணுக்காகக் காசு வாங்கும் பரிசோதனை. உடைந்த துணுக்கு அணுக்கள், உருண்டை அணுக்கள், மடல்கள் கூடிய வெள்ளணுக்கள், இருக்கக்கூடாத முதிராத அணுக்கள் ஆகியவற்றை உறுதிசெய்வது அந்தக் கண்தான். எண்களோடு முரண்படும் வாக்கியத்தைக் கவனிக்கத் தெரியாதவர்கள் அதை அப்படியே நம்பியிருப்பார்கள்.

அப்பாவின் அறிக்கைதான் இத்தொகுப்பின் உண்மையான ஓட்டையைக் காட்டியது. அவருக்கு நெடுங்கால முடக்குவாதம், அதாவது மூட்டுகளில் நீடிக்கும் அழற்சி. வலி மாத்திரைகள் இல்லாமல் அவருடைய நாள் நகராது. ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 81, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 12 விழுக்காடு, ஃபெரிட்டின் 62. ஃபெரிட்டின் வரிசையில் பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று போட்டிருந்தார்கள். கூடத்தின் மருத்துவரும் தொலைபேசியில் இரும்பு போதுமானதாக இருக்கிறது, வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிட்டார். ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கும் புரதம் என்பது உண்மைதான், ஆனால் உடலில் அழற்சி இருந்தால் இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உயரும். அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதையும் சேமிப்பிலிருந்து வெளியே போவதையும் தடுத்துவிடுகிறது. கிடங்கில் ஓரளவு இருந்தாலும் சிவப்பணு உற்பத்திக்கு அது கிடைப்பதில்லை. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் அழற்சியோ தொற்றோ உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் எல்லையை 15-லிருந்து 70-க்கு உயர்த்திப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் கணக்கில் 62 என்பது இயல்பு இல்லை, குறைவு. 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய டிரான்ஸ்ஃபெரின் செறிவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனை இத்தொகுப்பில் இல்லை. அது இல்லாமல் ஃபெரிட்டினுக்குப் பச்சை நிறம் பூசுவது பொறுப்பற்ற செயல் என்றே சொல்வேன்.

நேரில் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது வலி மாத்திரைகளைப் பற்றி, அடுத்துக் கேட்டது மலம் கறுத்துப் போகிறதா என்பதை. சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. உள்நோக்கிக் குழாய் வழியாகப் பார்த்தபோது இரைப்பையில் கசிந்துகொண்டிருந்த புண் தெரிந்தது. ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை குடல் வழியாக இரத்தம் போகிறது என்று எடுத்துக்கொண்டு தேட வேண்டும் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற நெறி. ஏனெனில் பெருங்குடல் புற்றுநோய்கூடச் சில சமயம் முதலில் இந்த வடிவத்தில்தான் வெளிப்படுகிறது. அப்பாவின் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘இரும்புச்சத்து மிக்க உணவை உண்ணுங்கள்’ என்ற ஆலோசனை மட்டும், அக்காவுக்கு வந்த அதே சொற்களில், இருந்தது.

பி12-ஐச் சேர்த்தது சரியான முடிவு. மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், விலங்குணவை முற்றிலும் தவிர்ப்பவர்கள், இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் ஒன்று அணுவைச் சிறுக்கவைக்கும், மற்றது பெருக்கவைக்கும். சராசரி இயல்பாக வந்து ஏமாற்றும், ஆர்.டி.டபிள்யூ. மட்டும் உயர்ந்து நிற்கும். பி12 குறைந்திருப்பவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிட்டது போலத் தோன்றும், நரம்புச் சேதமோ தொடரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே அளப்பதில் பொருள் உண்டு.

ரெட்டிகுலோசைட் விகிதத்தை அளந்து கொடுக்கிறார்களே ஒழிய அதை என்ன செய்வது என்று சொல்வதில்லை. இரத்தம் குறைந்திருக்கும்போது அது உயர்ந்திருந்தால் எலும்பு மச்சை உழைக்கிறது, அணுக்கள் எங்கோ இழக்கப்படுகின்றன அல்லது அழிக்கப்படுகின்றன என்று பொருள். அப்போது அணுக்கள் அழிகின்றனவா என்று பார்க்கும் எல்.டி.எச்., மறைமுக பிலிருபின், ஹேப்டோகுளோபின், கூம்ப்ஸ் பரிசோதனை என்று அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். குறைந்திருந்தால் உற்பத்தியிலேயே சிக்கல்.

தொகுப்பில் இல்லாதவற்றில் சி.ஆர்.பி.க்கு அடுத்தபடியாக நான் தேடியது கிரியாட்டினினையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவையும். சிறுநீரகம் பழுதுபட்டால், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்து இரத்தசோகை வரும். கிரியாட்டினின் அதைக் காட்டிக்கொடுக்கும். ஏ2 அளவு 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியாக் கடத்தி என்று சந்தேகிக்கலாம். கடத்திக்கு அணுக்கள் சிறுத்திருக்கும், ஃபெரிட்டின் இயல்பாக இருக்கும், இரும்பு மாத்திரையால் பயன் இருக்காது. தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கடத்திகள் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான தலசீமியா வரலாம் என்பதால் இது தனிமனித விவகாரத்தோடு முடிவதில்லை. எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எம்.சி.வி. குறைந்து ஃபெரிட்டின் இயல்பாக இருந்தால் அதே மாதிரியிலிருந்து ஏ2 பார்க்கலாமா என்று கூடமே கேட்கலாம். ஊதாக் குழாயில் இரத்தம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. மாறாக, நாளின் நேரத்துக்கேற்ப ஏறி இறங்கும் சீரம் இரும்பைத் தனி வரிசையில் சிவப்பும் பச்சையும் போட்டுக் காட்டுவதால் குழப்பம்தான் மிச்சம்.

தொலைபேசி ஆலோசனையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அக்காவிடம் பேசியவர் மரியாதையாகப் பேசினார், இரும்பு மாத்திரையின் பெயரைச் சொன்னார், வைத்துவிட்டார். மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, இரத்தக் கட்டிகள் வருகின்றனவா என்று கேட்கவில்லை. ஒரு மில்லிலிட்டர் இரத்தம் போனால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. உணவிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மாதந்தோறும் 80 மில்லிலிட்டருக்கு மேல் இழக்கும் பெண்ணின் கணக்கில் வரவைவிடச் செலவு எளிதில் மிஞ்சிவிடும். அக்காவின் கருப்பையில் நார்த்திசுக்கட்டி இருந்ததை அதன்பின் மகப்பேறு மருத்துவர்தான் கண்டுபிடித்தார். கட்டியைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் தொடர்ந்திருந்தால் நிறுத்திய சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பியிருப்பார்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். இரத்தம் எடுப்பதிலும் அளப்பதிலும் நம்பலாம், விளக்குவதில் நம்ப முடியாது. அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் ஒரு மருத்துவரிடம் போகப்போகிறவருக்கு இது நல்ல தொடக்கம். நிறங்களைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ள நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாத்திரை தொடங்கிய ஒரு மாதத்தில் முழுத் தொகுப்பையும் மறுபடி செய்துகொள்ளும்படி தள்ளுபடிக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது முழு இரத்த எண்ணிக்கை மட்டுமே. மருந்து வேலை செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் ரெட்டிகுலோசைட் உயரும், மூன்று நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் வரை ஏறும். ஏறவில்லையென்றால் மாத்திரை ஒழுங்காக எடுக்கப்படுகிறதா, குடல் அதை உறிஞ்சுகிறதா, இரத்தம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்தபின்னும் கையிருப்பு நிரம்ப ஏறத்தாழ மூன்று மாதங்கள் மாத்திரை தொடர வேண்டியிருப்பதால், ஃபெரிட்டினை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கூடத்தின் செயலியில் முழு இரத்த எண்ணிக்கையைத் தனியாகப் பதிவு செய்யும் இடம் எளிதில் கண்ணில் படாது. தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் மறுப்பு சொல்லாமல் பதிவு செய்துகொள்கிறார்கள்.